வெட்டுக்கிளி ஷிப்ட்

ஆண்டைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் வயதோடு உங்கள் வயதும் வெளியே வந்துவிடும். நம்மில் சிலர் இன்னும் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறோம். நான் ஏழாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு. சுரங்க டவுன்ஷிப்பில், நம் பிளாக்கில் வளர்ந்தவர்களுக்குக் கணக்குப் போட அது போதும்.

அந்த நாளை மட்டும் உறுதியாகச் சொல்வேன். திருக்கார்த்திகைக்கு மறுநாள். தம்பி இன்றைக்கும் தொலைபேசியில், "இல்லக்கா, அது தீபாவளிக்கு முன்னாடி" என்று வாதாடுகிறான். தவறு. அப்பா முதல் ஷிப்ட் முடிந்து பின்வாசல் வழியாக வந்தபோது, முதல் நாள் ஏற்றிய அகல்கள் படிக்கட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே இருந்தன. அதில் ஒன்றைக் காலால் தட்டி உடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உடைந்த அகலுக்கு அம்மா திட்டிய திட்டு என் காதில் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அகல் எங்கிருந்து வரும்?

காலைப் பார்த்து நடக்க அவரால் முடியவில்லை. ஹெல்மெட்டைக் கிண்ணம்போல் மல்லாத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. துண்டை விலக்கியதும் டீசலும் கிரீஸும் கலந்த அவருடைய வழக்கமான வாசனை வந்தது. உள்ளே, வார்ப்பட்டையைக் கைகளால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சோந்தி. பச்சை என்று சொல்ல முடியாது. நனைந்த சாம்பலின் நிறம். விரல்கள் இரண்டாகவும் மூன்றாகவும் ஒட்டி, இடுக்கி மாதிரி இருந்தன.

"ஐயே! என்னங்க இது கருமம்?" என்றாள் அம்மா.

"பச்சோந்தி."

"அது தெரியுது. ஊர்ல உங்க அண்ணன் ஒருத்தர் போதாதா? வீட்டுக்குள்ள வேற ஒண்ணு வேணுமா?"

பெரியப்பா தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுகிறவர். அப்பா அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

அப்பா புல்டோசர் ஓட்டினார். சுரங்கம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்தில், மண்ணை வெட்டும் பெரிய இயந்திரங்கள் வருவதற்கு முன்னால், மரம் செடிகளைத் தள்ளித் தரையைச் சுத்தம் செய்து கொடுப்பது அவருடைய வேலை. அன்றைக்கு ஒரு முந்திரித் தோப்பு.

"மரம் சாய்ஞ்சதும் ஓணான், அணில், பாம்பு எல்லாம் ஓடிடுச்சு. இது மட்டும் ஓடல. கிளையக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு ஒரு கண்ணால வண்டியப் பாக்குது, இன்னொரு கண்ணால என்னப் பாக்குது. எப்படி மேல ஏத்துறது?"

"ஃபோர்மேன் ஒண்ணும் சொல்லலையாப்பா?"

"சொன்னாரு. வண்டி சூடாயிடுச்சுன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்."

இப்போது பச்சோந்தியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அப்போது எங்களுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் அப்பா சொன்ன ஒன்றுதான். மாசியில் முந்திரி பூக்கும். பூவைத் தேடிப் பூச்சி வரும். அதுவரை இது உயிரோடு இருக்க வேண்டும். அதன்பிறகு நல்ல தோப்பாகப் பார்த்து அவரே கொண்டுபோய் விட்டுவிடுவார். "மாசி வரைக்கும்தான்" என்று அம்மாவிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவர் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டு, கை கழுவி, சோறு தின்று தூங்குகிற மனிதர். இந்த ஒன்று செத்துப்போகக் கூடாது என்று அவருக்கு ஏன் அப்படி ஒரு பிடிவாதம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அந்தத் தோப்பு யாருடையது என்றும் நாங்கள் கேட்கவில்லை.

பின்பக்க வராந்தாவுக்குக் கம்பிவலை உண்டு, ஞாபகம் இருக்கிறதா? எல்லார் வீட்டிலும் அங்கே துணி காயும், பழைய சைக்கிள் நிற்கும். எங்கள் வீட்டில் அன்று முதல் ஒரு வாளித் தண்ணீரில் கொய்யாக் கிளை நின்றது. கிளையில் பச்சோந்தி. கீழே வழவழப்பான சிமெண்ட் தரை. அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். துணியை முன்பக்கம் காயப்போட்டாள்.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது திரும்பிப் பார்க்காது. இலையில் தெளித்தால் சொட்டுச் சொட்டாக நக்கும். செத்த பூச்சியைத் தொடாது; அசைந்தால்தான் அதற்குச் சாப்பாடு. முதல் வெட்டுக்கிளியை அது தின்றதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கிளை நுனியில் வெட்டுக்கிளி இருந்தது. பிறகு இல்லை. பச்சோந்தி மெதுவாக வாயை அசைத்துக்கொண்டிருந்தது. தம்பி கைதட்டினான். அதன்பிறகு அவனுக்கு வேறு எந்த விளையாட்டும் பிடிக்கவில்லை.

பிடிப்பதற்கு ஒரு வலை செய்தோம். கிழிந்த கொசுவலைத் துணி, கட்டுக்கம்பி வளையம், ஒட்டடைக் கம்பிலிருந்து ஒடித்த மூங்கில் பிடி. சேர்த்து வைக்க ஒரு ஊறுகாய் பாட்டில். மூடியில் ஆணியால் ஓட்டை. எத்தனை முறை கழுவியும் மாவடு வாசனை போகவில்லை. எங்கள் பச்சோந்தி தின்ற வெட்டுக்கிளிகள் எல்லாம் லேசாக ஊறுகாய் வாசனை அடித்திருக்கும். அந்த வலையும் பாட்டிலும் எந்தக் குவார்ட்டர்ஸ் மாறும்போது காணாமல் போயின என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் எனக்கு அது மட்டும் உறுத்தல்.

வேலையை ஷிப்டாகப் பிரித்தேன். வேறு எப்படிப் பிரிக்க முடியும்? நம் ஊரில் சாப்பாடு, தூக்கம், கல்யாணத்துக்குப் போவது எல்லாமே ஷிப்டைப் பார்த்துத்தானே. பள்ளிக்குப் போகுமுன் முதல் ஷிப்ட், நான். பள்ளி விட்டு வந்ததும் இரண்டாம் ஷிப்ட், தம்பி. ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் ஓவர்டைம். ஃபோர்மேன் நான்தான். வலை என் பொறுப்பில். தம்பி கையால்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் மாலை தம்பி கேட்டான்.

"ஏன் எனக்கு வலை கிடையாது?"

"வலை பர்மனென்ட் ஆளுக்குத்தான். நீ கான்ட்ராக்ட்."

"நான் எப்ப பர்மனென்ட் ஆவேன்?"

"பாக்கலாம். வேலையப் பொறுத்து."

மறுநாள் மாலை இரண்டாம் ஷிப்ட் நடக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். காலி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். நம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தொழிலாளர் தர்ணாக்களில் கேட்டுப் பழகிய அதே ராகத்தில், "வேண்டும் வேண்டும்! பர்மனென்ட் வேண்டும்!" தெருவில் சைக்கிளில் போனவர்களெல்லாம் காலை ஊன்றி நின்றார்கள்.

அப்பா வேலை முடிந்து வந்து இதைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். முகத்தை மிகவும் கவனமாக வைத்துக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தோழர், கோரிக்கை என்ன?"

"வலை வேணும். ஃபோர்மேன் திட்டக் கூடாது. அப்புறம்…" தம்பி யோசித்தான். "போண்டா."

"நிர்வாகம் என்ன சொல்லுது?" என்று என்னைப் பார்த்தார்.

"அவன் புடிக்கிறதெல்லாம் கால் ஒடிஞ்சிருக்குப்பா."

"வலை குடுக்காம கையால புடிக்கச் சொன்னா கால் ஒடியத்தான் செய்யும். அது நிர்வாகத்தோட தப்பு."

பேச்சுவார்த்தை சமையலறையில் முடிந்தது. வலையை ஒருநாள் விட்டு ஒருநாள் பகிர்ந்துகொள்வது; தம்பி அன்று முதல் பர்மனென்ட்; போண்டாவை அம்மா சுட்டாள். எதிர்வீட்டு மாமா வாசனை பிடித்து வந்து இரண்டு சாப்பிட்டார். "எங்க செக்‌ஷன்ல இவ்வளவு சீக்கிரம் செட்டில்மெண்ட் ஆனதே இல்லையே சார்" என்று அப்பாவிடம் சொன்னார்.

மாமா, நிலக்கரியைச் சோதித்துப் பார்க்கும் லேபில் இருந்தார். வீட்டில் ஒரு அலமாரி நிறைய ஆங்கிலப் புத்தகங்கள். நான் பிற்காலத்தில் புத்தகப் பைத்தியமானதற்கு அந்த அலமாரிதான் காரணம். அவரைப் பற்றி இனி எழுதப்போவதை அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

மார்கழி பிறந்தது. பனி என்றால் இன்றைய பனி இல்லை. கம்பெனி பஸ் காலையிலும் விளக்கு போட்டுக்கொண்டு வரும். விளக்கு முதலில் தெரியும், பஸ் பிறகு தெரியும். ஆண்கள் எல்லோரும் மஃப்ளருக்குள் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். தம்பிக்குக் குரங்குக் குல்லா. கோலம் போட்டு முடித்த விரல்களை அம்மா கரியடுப்பில் காட்டுவாள்.

வெட்டுக்கிளிகள் குறைந்தன. பிறகு இல்லாமலே போயின. மைதானத்துப் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிட்டது. சாக்கடை ஓரத்தில் கொஞ்சம் பச்சை இருந்தது. ஆனால் அங்கே கொசு மருந்து அடிப்பார்கள், அந்தப் பக்கம் பிடித்ததைக் கொண்டுவரவே கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஈ, விட்டில், சமையலறைக் கரப்பான் என்று எதையெதையோ பிடித்துச் சமாளித்தோம். பச்சோந்தி இளைக்கவில்லை. வயிறு சற்று உப்பிக்கூட இருந்தது. பழைய தீனி தங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு காலை, பனியில் நனைந்த புல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது பால்காரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர். கேனில் மூடி ஆடும் சத்தம்தான் அவர் வரவுக்கு அடையாளம்.

"இன்னா பொண்ணு, காலங்காத்தால இன்னாத்த தேடிகினு கீற? கம்மல் வுழுந்துடுச்சா?"

"வெட்டுக்கிளிம்மா."

"வறுத்துத் துன்னவா?"

"எங்க பச்சோந்திக்கு."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்க தோப்புலயும் கெடந்துச்சு. இப்ப தோப்பு ஏது" என்று சொல்லிக்கொண்டே பால் அளந்து ஊற்றினார். "இங்க தேடாத. வாய்க்காங்கரைக்கு வா. மைன்ஸ் தண்ணி வெதவெதன்னு போவுது. பனியிலயும் புல்லு பச்சைப்பசேல்னு கெடக்கும். எங்க மாடுங்க அங்கதான் மேய்ஞ்சிகினு கெடக்குதுங்க."

அந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். விடிந்து வீட்டுக்கு வந்தவரை டீகூடக் குடிக்கவிடாமல் சைக்கிளைத் திருப்பச் செய்தோம். தம்பி முன்பாரில், நான் கேரியரில். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே விடுகிற அந்த வாய்க்காலை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் மார்கழிக் காலையில் பார்த்ததில்லை. தண்ணீர் முழுவதும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பெரிய பாத்திரத்தில் யாரோ உலை வைத்து மறந்துபோன மாதிரி. செருப்பைக் கழற்றிக் காலை விட்டேன். பூமிக்குள் எவ்வளவோ ஆழத்திலிருந்து வந்த சூடு, கணுக்கால் வரை ஏறியது.

கரையெல்லாம் புல். ஒவ்வொரு தாளிலும் பனித்துளி. சில தாள்களில் வெட்டுக்கிளி. குளிரில் விறைத்து, குதிக்கத் தெம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. வலை தேவைப்படவில்லை. கத்தரிக்காய் பறிப்பதுபோலப் பறித்தோம். உள்ளங்கைச் சூட்டில் அவற்றுக்கு உயிர் வந்து உதைக்க ஆரம்பிக்கும்; அதற்குள் பாட்டிலுக்குள் போட்டுவிட வேண்டும். அப்பா தூக்கக் கண்ணோடு கரையில் உட்கார்ந்து, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அன்றுபோல் சந்தோஷமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பாட்டில் நிறைந்தது. பச்சோந்திதான் சாப்பிடவில்லை.

அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. முகத்துக்கு நேரே வெட்டுக்கிளி நடந்து போனது. ஒரு கண் அதைப் பின்தொடர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. உடம்பு கருத்தது. கருப்பின் மேல் மஞ்சள் புள்ளிகள். கிளையில் இருக்காமல் இறங்கி இறங்கி வந்து சிமெண்ட் தரையைக் கையால் பிறாண்டியது. நாங்கள் எடுத்துக் கிளையில் விடுவோம். திரும்ப இறங்கும். திரும்ப விடுவோம்.

எதிர்வீட்டு மாமா வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது கோல்ட் பிளட்டட் அனிமல். குளிர் தாங்காது. ஹைபர்னேஷனுக்கு ரெடியாகுது. தூங்க இடம் தேடுது, அவ்வளவுதான்."

"தூங்கி எந்திரிக்குமா சார்?" என்றார் அப்பா.

"புத்தகத்துல எந்திரிக்கும்னுதான் போட்டிருக்கு."

தன் மேசை விளக்கைக் கொடுத்தார். விளக்கு போட்டதும், வெளிச்சம் படுகிற பக்கம் மட்டும் இன்னும் கருப்பானது. சூட்டை வாங்கிக்கொள்ள அவை அப்படிக் கருக்கும் என்று பிற்பாடு படித்தேன். அப்பா பதறிப்போய், "எரிஞ்சிடுச்சா?" என்று விளக்கை அணைத்தார். ஒரு நாள் வாயைத் திறந்து ஊட்டக்கூடப் பார்த்தார். அது பல்லைக் கடித்துக்கொண்டது. "பெல்ட்டுல சரக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு, பாய்லர்தான் எடுத்துக்க மாட்டேங்குது" என்று சுரங்கத்து பாஷையில் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். கேட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, வெகுநேரம்.

பொங்கல் நெருங்கியது. வாசலில் அடுப்புப் போட அம்மாவுக்கு மண் வேண்டும். நம் தோட்டத்து மண்ணெல்லாம் சாம்பலும் கரித்தூளும் கலந்தது. பொங்கல் அடுப்புக்கு அது ஆகாது என்பது அம்மாவின் கொள்கை. அப்பாவிடம் நாள்தோறும் சொன்னாள். அவர் நாள்தோறும் மறந்தார்.

"ஊர் மண்ணையெல்லாம் தள்ளிட்டு வர்றீங்க. வீட்டுக்கு ஒரு கூடை மண்ணு கொண்டாரத் துப்பில்ல!"

அந்தச் சொல் உறைத்திருக்க வேண்டும். போகிக்கு முதல் நாள், தெரிந்த வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்து, ஒரு கூடைக்குப் பதில் ஏழெட்டு மூட்டை செம்மண்ணைக் கொண்டுவந்து கொல்லையில் குவித்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஈரமான, பொலபொலவென்ற மண். வராந்தா வரைக்கும் அதன் வாசனை.

மறுநாள் போகி. அம்மா வீடு கழுவினாள். வராந்தாவையும் கழுவ வேண்டியிருந்ததால், கார்த்திகைக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே வந்தாள். பழையதைக் கழிக்கிற வேகத்தில், யாரும் தின்னாமல் கிடந்த வெட்டுக்கிளிகளைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு ஊறுகாய் பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்தாள். தண்ணீர் வெளியேற கதவைத் திறந்து வைத்திருந்தாள். கழுவி நிமிர்ந்தபோது கிளையில் பச்சோந்தி இல்லை.

தம்பிதான் கண்டுபிடித்தான். கத்தினான். "அப்பா! அது தனக்குத் தானே குழி தோண்டுது!"

செம்மண் குவியலின் அடியில், தலையும் தோளும் உள்ளே போயிருக்க, பின்னங்கால்கள் மட்டும் மண்ணை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அப்பா ஓடிவந்து குனிந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மாசி வராது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

"தொடாதீங்க!"

அம்மா. கையில் விளக்குமாறு, புடவையைத் தூக்கிச் செருகியபடி.

"சாகப் போகுதுடி, எடுத்து உள்ள விடுறேன்…"

"சாகவும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த வயித்தப் பாருங்க. இத்தன நாளா நாலு பேரு சுத்தி நின்னு பாக்குறீங்களே, இது தெரியலையா? எங்க வீட்டுக் கோழி முட்டைக்கு எடம் தேடி இப்படித்தான் அலையும்."

தம்பியின் கத்தல் கேட்டுச் சுற்றிக்கொண்டு வந்த எதிர்வீட்டு மாமா கொல்லை மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அப்ப ஹைபர்னேஷன் இல்லையா?"

"பிரசவம்ண்ணே" என்றாள் அம்மா. "ஆம்பளைங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க."

மாமா உண்மையிலேயே போய்விட்டார்.

அதற்குப் பசி இல்லை, குளிரும் இல்லை. வாய்க்கால் வரை சைக்கிள் மிதித்து நாங்கள் தீனி தேடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அது கேட்டது ஒரு முழம் மண். தினமும் மலை மலையாக மண்ணைத் தள்ளுகிற அப்பா, வராந்தாப் படியில் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கால்கள் கைப்பிடி கைப்பிடியாக மண் தள்ளுவதைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டைகளை நாங்கள் பார்க்கவில்லை. அது வெளியே வந்து, திரும்பி நின்று, குழியை மூடி, மேலே மிதித்து அழுத்திவிட்டுத்தான் நகர்ந்தது. விலாவெலும்பு தெரிந்தது. காய்ந்த வாழைச்சருகு மாதிரி எடையே இல்லை.

அடுப்புக்கு மண் எடுக்க அம்மா விடவில்லை. சுற்றி முள் வைத்தாள். பொங்கலை எதிர்வீட்டு வாசலில், அவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் செங்கல் வைத்துப் பொங்கினோம். வந்தவர்களிடமெல்லாம் மாமா காரணம் விளக்கினார், இந்த முறை சரியாக.

இப்போதுதான் உண்மையான பசி. பச்சோந்தி கிளையில் நின்று அசைகிற எதையும் குறிபார்த்தது. தம்பியின் பொங்கல் சட்டையில் பளபளத்த பொத்தான் மேல் நாக்கு பட்டென்று வந்து அடித்தது. எங்களிடம் ஒரு பூச்சி இல்லை. பாட்டில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள். நிமிர்த்தி, துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

மாட்டுப் பொங்கல் காலை. அப்பாவோடு வாய்க்கால் கரைக்குப் போனால், அங்கே திருவிழா. சுற்று வட்டார மாடெல்லாம் வெந்நீர்க் குளியலுக்கு வந்திருந்தது. கரைப் புல் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு வெட்டுக்கிளி கண்ணில் படவில்லை. தம்பி அழ ஆரம்பித்தான்.

"இன்னாத்துக்குடா அழுவுற?" பால்காரம்மா, முழங்கால் தண்ணீரில் நின்று பசுவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னோம். முட்டை விட்ட கதையையும் சொன்னோம்.

"பச்ச ஒடம்புக்காரியா! பட்டினியா போட்டு வச்சிருக்கீங்க?" அப்பாவைப் பார்த்துக் கேட்டார், அவரே பத்தியச் சாப்பாடு சமைக்க மறந்ததைப்போல. பிறகு மாடுகளைக் கரையேற்றி, இன்னும் யாரும் மிதிக்காத மேல்பக்கத்துப் புல்லுக்குள் ஓட்டினார். "மாட்டுக்கு முன்னால போவாதீங்க. பக்கத்துலயே நடங்க."

கொம்பில் நீலமும் சிவப்பும் பூசிய மாடுகள் நடந்தன. ஒவ்வொரு குளம்புக்கும் முன்னால் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் தெறித்தன. எங்கிருந்தோ வெள்ளைக் கொக்குகள் வந்து இறங்கி, மாட்டின் காலோடு காலாக எங்களுக்குப் போட்டியாக நடந்தன. தம்பி வலையோடு, நான் கையோடு, அப்பா ஹெல்மெட்டோடு. ஒரு கொக்கு அப்பாவின் கைக்கு நேரே வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது.

"அது என்னுது!" என்று அப்பா கொக்கைத் திட்டினார். பால்காரம்மா சிரித்துச் சிரித்து மாட்டின் மேல் சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து முதல் வெட்டுக்கிளியைக் கிளையில் விட்டபோது நான்கு பேரும் வராந்தாவில் நின்றோம், அம்மா உட்பட. இந்த முறை நாக்கை நான் பார்த்தேன். உடம்பின் நீளத்துக்கு மேல் நீண்டு, நுனி குமிழாக, ஈரமாக. இன்னொன்று. இன்னொன்று. பொழுது இறங்குவதற்குள் அதன் விலாவில் ஒரு வெளிர்பச்சை வந்திருந்தது.

அதன்பின் தை முழுவதும் வாய்க்கால் கரை எங்களைக் காப்பாற்றியது. மாசியில், முந்திரி பூத்த வாசனை காற்றில் வரத் தொடங்கியதும், அப்பா அதை ஹெல்மெட்டில் வைத்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் தெற்கே ஒரு தோப்புக்குப் போனார். பல தோப்புகளை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். "இந்தப் பக்கம் மைன்ஸ் வராது. கரி ரொம்ப ஆழத்துல கெடக்கு" என்றார். அது ஆடி ஆடி ஒரு கிளையில் ஏறி, பூங்கொத்துக்குள் போய், போன இடத்திலேயே இல்லாமல் ஆனது. அப்பா ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கமும் வெட்டினார்கள். அன்றைக்கு அவர் நம்பித்தான் சொன்னார்.

கொல்லையில் மண் குவியல் அப்படியே இருந்தது. கோடையில் அம்மா அரிசி கழுவிய தண்ணீரை அதன் மேல் தெளித்தாள். ஆனி வந்தும் ஒன்றும் இல்லை. "இந்நேரம் கெட்டுப்போயிருக்கும்" என்றார் மாமா. "ஒங்க புத்தகத்த மூடி வைங்கண்ணே" என்றாள் அம்மா.

ஆடி முடியும் சமயம், இரவு மழை பெய்து விட்ட ஒரு பள்ளி விடுமுறை நாள். மறுநாள் ஆவணி அவிட்டம்; அதற்குப் பூணூல் வாங்கப் போன மாமா அப்போது திரும்பியிருக்கவில்லை. அதனால் நாளையும் என்னால் சொல்ல முடியும். அம்மா கூப்பிட்ட குரலுக்கு ஓடினோம். மண்ணில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து தீக்குச்சி அளவு ஒன்று வெளியே வந்து, இரண்டு கண்ணையும் இரண்டு பக்கம் திருப்பிவிட்டு, மருதாணி வேலியைப் பார்த்து நடந்தது. பின்னால் இன்னொன்று. ஆடி ஆடி, பெரியது நடந்த அதே நடை. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தம்பி வலையோடு ஓடினான். இவற்றின் வாய்க்குப் போகிற அளவில் எந்தப் பூச்சி இருக்கும், அதை எந்த வலையில் பிடிப்பது? நாங்கள் திகைத்து நிற்கும்போதே ஒரு குட்டி, மருதாணி இலையில் எங்கள் கண்ணுக்கே தெரியாத எதையோ நாக்கால் எடுத்து மென்றது. எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது எல்லாம் வேலிக்குள் போய்விட்டன. சாப்பிடக்கூடப் போகாமல் வேலியோரம் குனிந்தார். இலை இலையாக விலக்கிப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை; பிறகு திரும்பவும். வெளிச்சம் மங்கும்வரை தேடினார்.

"ஒண்ணுகூடக் கண்ணுல படல" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அங்கதாங்க இருக்கும். டார்ச் கொண்டாரச் சொல்லவா?" என்றாள் அம்மா.

"வேணாம், வேணாம்." அப்பாவின் முகமெல்லாம் சிரிப்பு. "இவ்வளவு கிட்ட நின்னு எனக்கே தெரியலன்னா, காக்காவுக்கு மட்டும் தெரியவா போகுது?"